பாட்டும் கூத்தும் சாப்பாட்டுத் தட்டும்

வாசகர்களே, உங்கள் வீட்டு வாலிபப் பிள்ளை ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, "தே ஓ கோசோங்" என்று கேட்டதை நீங்கள் என்றைக்காவது காதால் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் நீங்கள் பாக்கியசாலி. சீனியும் வேண்டாம், பாலும் வேண்டாம் என்று தேநீர் கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவராகத்தான் இருப்பார். அவர் சட்டைப் பையில் கிளினிக் அட்டை இருக்கும். இனிப்பு நீர் வந்த பிறகு சீனியை விடுவது என்பது நம் குடும்பங்களில் அறுபதாம் கல்யாணம் போல ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வருவதற்கு முன்னால் விட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கணக்கைச் சொன்னால் கசக்கும். சொல்லாமலும் இருக்க முடியாது. 2019-இல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த நோய் நிலை ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு முப்பத்தொரு பேர்! மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். 2023-இல் மறுபடியும் ஆய்வு எடுத்தார்கள். நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 விழுக்காடாகச் சற்றே இறங்கியிருந்தது. அதைப் பார்த்து மகிழ்வதற்குள் இன்னொரு செய்தி வந்து சேர்ந்தது. நீரிழிவு உள்ள 18 முதல் 29 வயது வரையிலான இளையோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், தங்களுக்கு அந்த நோய் இருப்பதையே அறியாமல் இருக்கிறார்களாம். வளர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அளவுக்கு மீறிய எடையோடு இருப்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. சிறுநீரகம் பழுதாகி, இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்து வாழ்கிறவர்கள் நம் நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவர்களை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்த காரணங்களில் முதலிடம் நீரிழிவுக்குத்தான்.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 'சுக்கு சுக்கு செப்பாரோ' விளம்பரத்தை எல்லாக் கிளினிக் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைத் தட்டு முழுக்கக் காய்கறியும் பழமும். நல்ல பாடம், சிறு பிள்ளைக்கும் புரியும். ஆனால் அந்தப் படம் மாட்டியிருக்கும் சுவரின் கீழே உட்கார்ந்து மருந்துக்குக் காத்திருப்பவர் தாத்தா. பேரன் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பாடம் ஒரு பக்கம், படிக்க வேண்டியவன் இன்னொரு பக்கம்.

அந்தக் கைத்தொலைபேசிக்குள் அவன் என்னதான் பார்க்கிறான்? பாதி நேரம் சாப்பாடுதான்! கொரிய நாட்டில் தொடங்கிய ஒரு பழக்கம் உலகம் பூராவும் பரவியிருக்கிறது. ஒருவர் மலைபோல் குவித்த உணவைக் காமிராவுக்கு முன் உட்கார்ந்து ஒரே மூச்சில் தின்று தீர்ப்பார், இலட்சம் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். நாம் ஒன்றும் இதில் புதியவர்கள் அல்லர். 1957-இல் வந்த 'மாயாபஜார்' படத்தில் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக வந்து கல்யாணப் பந்தியை வளைத்துப் போடுவதை இன்றைக்குப் பார்த்தாலும் வாய் ஊறும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் பெரிய அண்டா வைத்துச் சமைக்கும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் அலைவரிசை ஆயிற்று. அண்டாவின் அளவைப் பார்த்து ஆனந்தப்படுவது நம் இரத்தத்திலேயே இருக்கிறது.

நாக்குக்கு வாத்தியார் யார்?

ஆக, இளையோருக்குச் சாப்பிடக் கற்றுக் கொடுப்பது வேடிக்கைதான். அது நேற்று இன்று தொடங்கியதல்ல. மலேசியாவுக்குத் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர் 28-இல். கே.எஃப்.சி. தன் முதல் கடையைக் கோலாலம்பூரில் திறந்தது 1973-இல், மெக்டொனால்ட்ஸ் வந்தது 1982-இல். வறுத்த கோழியும் ரொட்டிக்குள் வைத்த இறைச்சியும் நம் பாட்டன் பாட்டி கேள்விப்பட்டவை அல்ல. இன்றைக்கு ஜொகூரில் எந்தப் பட்டணத்து முச்சந்தியிலும் அந்தி சாய்ந்தால் பர்கர் தள்ளுவண்டி நிற்கிறது. பள்ளிப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தா இந்த ஆசை வந்தது? பாட்டுப் பாடி, சிரிக்க வைத்து, சின்னக் கதை சொல்லி விளம்பரக்காரர்கள் வளர்த்த ஆசை அல்லவா இது?

சினிமாவின் வலு நமக்குத் தெரிந்ததுதான். ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்த ஸ்டைலைப் பார்த்து எத்தனை இளைஞர் உதட்டைச் சுட்டுக்கொண்டார்கள்! அதையே எதிர்த்துக் குரல் எழும்பிய பிறகு, 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தில் அவர் சிகரெட்டை விட்டுவிட்டுச் சூயிங்கத்தைச் சுண்டினார். ஸ்டைலுக்கு ஒரு குறைவும் வரவில்லை. இதே கெட்டிக்காரத்தனத்தை முருங்கைக் கீரைக்கும் பயறுக்கும் காட்ட முடியாதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வானொலி வந்த முதல் ஊர்

ஜொகூர் வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். மலாயாவுக்கு முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தவர் ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராக இருந்த ஏ.எல். பர்ச் என்ற வெள்ளைக்காரர். ஆண்டு 1921. ஜொகூர் வானொலிச் சங்கம் ஒன்றை அமைத்து ஒலிபரப்பைத் தொடங்கியவரும் அவரே. காற்றில் குரல் வரும் அதிசயத்தை இந்நாட்டில் முதலில் கேட்ட மண் நம் மண்தான்.

தோட்டங்களில் ஆயுசைக் கழித்த பெரியவர்களைக் கேட்டால் படவண்டியைப் பற்றிச் சொல்வார்கள். 1946-இல் மலாயன் ஃபிலிம் யூனிட் தொடங்கப்பட்டது. அது எடுத்த குறும்படங்களை ஏற்றிக்கொண்டு தகவல் இலாகா வண்டிகள் கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் வரும். திடலில் வெள்ளைத் திரை கட்டுவார்கள். மலாய், சீனம், தமிழ் என்று அந்தந்த இடத்துக்கேற்ற மொழியில் விளக்கம் ஒலிக்கும். சுத்தம், கொசு, நோய்த் தடுப்பு என்று பாடம் வேடிக்கையோடு வேடிக்கையாக வந்து சேர்ந்தது. பாய் தலையணையோடு திடலுக்குப் போனவர்கள் பாடம் கேட்கப் போகவில்லை, படம் பார்க்கப் போனார்கள். கேட்டுவிட்டு வந்தது என்னவோ பாடத்தையும் சேர்த்துத்தான். பிறகு வானொலி 6 என்றிருந்து மின்னல் எஃப்.எம். ஆன தமிழ் ஒலிபரப்பு அந்த வேலையைத் தொடர்ந்தது.

தமிழ்நாட்டிலிருந்து இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. 1960-களில் ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்ற நெல் இரகத்தைத் தஞ்சாவூர் உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். அந்த விதையின் பெருமையையும் அதைப் பயிரிடும் முறையையும் அவர்கள் கேட்டறிந்தது வானொலியின் பண்ணைச் செய்தியில். விதைக்கே வானொலி பெயர் வைக்கும் என்றால், சோற்றுத் தட்டை அது தொட முடியாதா?

கதையில் வைத்துக் கொடுத்தால்

உலகத்தில் இதை முறையாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1951-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து பி.பி.சி. வானொலியில் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்து நாடகம் ஒலிக்கிறது. போர் முடிந்து உணவுக்குப் பங்கீடு இருந்த காலம் அது. விளைச்சலைக் கூட்டும் புது முறைகளை உழவர்களுக்குச் சொல்லத்தான் அந்த நாடகத்தைக் கொண்டுவந்தார்கள். பங்கீடு போய்ப் பல தலைமுறை ஆகியும் நாடகம் நிற்கவில்லை.

மெக்சிகோவில் மிகேல் சபீதோ என்ற நாடகக்காரர் இதற்கு ஒரு சூத்திரமே வகுத்தார். 1975-இல் முதியோர் கல்வியை வைத்து அவர் எடுத்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு, பாடப் புத்தகம் வாங்க மறுநாள் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, தலைநகரமே திணறிப் போயிற்று. அவர் சூத்திரம் பெரிய இரகசியம் இல்லை. கதையில் ஒரு நல்லவர், ஒரு கெட்டவர், இவர்கள் இருவருக்கும் நடுவில் தள்ளாடும் ஒருவர் வேண்டும். பார்ப்பவர் நெஞ்சு ஒட்டிக்கொள்வது அந்தத் தள்ளாடுபவரிடம்தான். அவர் இன்றைக்கு உறுதி எடுப்பார், நாளைக்குச் சறுக்குவார், மறுபடி எழுந்திருப்பார். நாமும் அப்படித்தானே? தீபாவளிக்கு மறுநாள் உறுதி எடுத்துப் பொங்கலுக்குள் மறந்துவிடும் கூட்டம் அல்லவா நாம்?

இந்தியத் தூர்தர்ஷனில் 1984 ஜூலையில் 'ஹம் லோக்' தொடங்கியதும் இந்த மெக்சிகோ வழியைப் பார்த்துத்தான். அதில் நமக்கு ஒரு பெரிய படிப்பினை இருக்கிறது. முதல் பதின்மூன்று பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு உபதேசத்தை அளவுக்கு மீறித் திணித்துவிட்டார்கள். ஜனங்கள் முகம் சுளித்தார்கள். உடனே உபதேசத்தைக் குறைத்துக் கதையைக் கூட்டினார்கள். தொடர் பிழைத்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் முடிவில் வந்து பேசிய நடிகர் அசோக் குமாரின் சில வார்த்தைக்காகவே காத்திருந்த வீடுகள் உண்டு. இலட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. ஆனால் ஒரு விபரீதமும் நடந்தது. எல்லாக் கொடுமையையும் பொறுத்துக்கொள்ளும் தாய் பாத்திரத்தை, 'இப்படி இருக்காதீர்கள்' என்று காட்ட வைத்திருந்தார்கள். பார்த்த பெண்களில் ஒரு பகுதியினரோ, 'ஆகா, பெண் என்றால் இவளைப் போல இருக்க வேண்டும்' என்று எடுத்துக்கொண்டார்கள்! கூத்துக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு. நாடகம் போடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். குண்டானவரை மேடையில் ஏற்றிக் கேலி செய்து சிரிக்க வைப்பது சுலபம். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் போகும் பருமனான பிள்ளை அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் இரண்டு ரொட்டி கூடுதலாகத்தான் தின்னும்.

வாலிபர்களுக்கு வேறு மருந்து

மேலே சொன்னவை எல்லாம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த காலத்து விஷயம். இருபது வயதுப் பிள்ளைக்கு, 'இதைத் தின்றால் நாற்பது வயதில் நோய் வரும்' என்று சொன்னால் ஏறுமா? நாற்பது வயது என்பது அவனுக்கு வேறு தேசம். அவனுக்கு இன்றைக்கு வேண்டியது நண்பர் மத்தியில் மானம், யாரும் தன்னை ஏய்க்கக் கூடாது என்ற ரோஷம்.

இந்த ரோஷத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கிறிஸ்டஃபர் பிரையனும் டேவிட் யேகரும். டெக்சஸ் மாநிலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்நூறு பேருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சத்துணவுப் பாடம். இன்னொரு பகுதியினருக்கு, உணவுக் கம்பெனிகள் எப்படி நாக்கை அடிமைப்படுத்தத் தின்பண்டம் தயாரிக்கின்றன, ஏழைகளையும் சின்னக் குழந்தைகளையும் எப்படிக் குறிவைக்கின்றன என்ற துப்பறியும் கதை. மறுநாள் வேறு ஒரு சாக்கில் தின்பண்டம் கொடுத்தபோது, கதை கேட்ட பிள்ளைகள் நொறுக்குத் தீனியைக் குறைத்தார்கள், சீனித் தண்ணீரை விட்டு வெறும் தண்ணீரை எடுத்தார்கள். 2016-இல் இது வெளியாயிற்று. 2019-இல் வந்த அடுத்த ஆய்வில் விளம்பரப் படங்களின் மேல் பிள்ளைகளையே கிறுக்கி, பொய்யை மெய்யாக்கச் சொன்னார்கள். பையன்கள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் கெட்ட பானமும் தின்பண்டமும் வாங்குவது மூன்று மாதத்துக்கு 31 விழுக்காடு குறைந்திருந்தது. கிறுக்குவதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

சான் பிரான்சிஸ்கோவில் நடப்பது இன்னும் நெஞ்சைத் தொடும். 2011-இல் அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மருத்துவர்களும், 'யூத் ஸ்பீக்ஸ்' என்ற இளையோர் கவிதை அமைப்பும் சேர்ந்து 'தி பிகர் பிக்சர்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவர் டீன் ஷில்லிஞ்சர் அதில் முக்கியமானவர். கறுப்பின, லத்தீன், ஆசிய, தீவுவாசிக் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்கள் தங்கள் வீட்டு நீரிழிவுக் கதையைத் தாங்களே எழுதி, தாங்களே முழங்குகிறார்கள். அதைக் குறும்படமாக்கிப் பள்ளிகளில் காட்டுகிறார்கள். தாத்தாவின் கால் போன கதை, காய்கறிக் கடையே இல்லாத தெரு, வயலில் பழம் பறித்துவிட்டு வீட்டில் பழம் வாங்க முடியாத கூலி, இப்படி எல்லாம் வரும். 'நீ கட்டுப்பாடில்லாதவன், அதனால் நோய் வந்தது' என்று அவர்கள் யாரையும் குறை சொல்வதில்லை. 'நம் தெருவில் மலிவாகக் கிடைப்பது ஏன் இதுமட்டும்?' என்று கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கேள்விதான். நம் தோட்டத்து, தாமான் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

ருசி பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக உணவுக் கூடத்தில் ஒரே காய்கறியை ஒரே பக்குவத்தில் சமைத்து வைத்து, பெயர்ப் பலகையை மட்டும் தினம் மாற்றினார்கள். ஒரு நாள் வெறும் பீட்ரூட். ஒரு நாள் உடம்புக்கு நல்ல பீட்ரூட். இன்னொரு நாள் காரசாரமான மிளகாய், எலுமிச்சை போட்ட வெடி பீட்ரூட்! வாய் ஊறும் பெயர் வைத்த நாளில், வெறும் பெயர் வைத்த நாளைவிட 25 விழுக்காட்டினர் கூடுதலாக எடுத்தார்கள். 'இது இல்லாதது, அது குறைந்தது' என்று எழுதிய நாளோடு ஒப்பிட்டாலோ 41 விழுக்காடு கூடுதல். 2017-இல் வந்த ஆய்வு இது. பாவம், நம் மேடைகளில் கீரையை அறிமுகப்படுத்தும்போதே "இது இரும்புச் சத்து நிறைந்தது" என்று ஆரம்பிக்கிறோம். இரும்பைத் தின்ன யாருக்கு ஆசை வரும்? தேங்காய்ப் பூவும் காய்ந்த மிளகாயும் தாளித்து இறக்கிய முருங்கைக் கீரையின் வாசத்தைச் சொல்லுங்கள். சத்து தானாக உள்ளே போய்விடும்.

நம் மேசையில் நான்கு மொழி

ஜொகூர் இளைஞனின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். கோழி கூவுவதற்கு முன் மாசாயிலோ ஸ்கூடாயிலோ மோட்டார் சைக்கிளை உதைக்கிறான். 1924-இல் திறந்த தாம்போதிப் பாலத்தின் மேல் ஆயிரக்கணக்கானோரோடு முட்டி மோதிச் சிங்கப்பூர் போய்ச் சேர்கிறான். வழியில் ஒரு பொட்டலம் நாசி லெமாக், டின் பானம் ஒன்று. இரவு வீடு திரும்பும்போது அம்மா சமைத்த குழம்பு ஆறிக் கிடக்கும். கூட்டாளிகள் மாமாக் கடைக்குக் கூப்பிடுவார்கள். மேசையில் மலாய்க்காரத் தம்பி, சீனப் பையன், சபாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவன், நம் பிள்ளை. மீ கோரிங், ரொட்டி சானாய், ஆளுக்கொரு தே தாரேக். இதை ஒற்றுமை என்று பாராட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் இந்த ஒற்றுமையில் காய்கறிக்குத்தான் இடமில்லை.

அந்த மேசையில் ஒருவன் எழுந்து, "அண்ணே, எனக்குச் சீனி கொஞ்சமாப் போடுங்க" என்றால் என்ன நடக்கும்? கடைக்காரரே கேட்பார்: "என்ன தம்பி, கிளினிக்குல எதும் சொல்லிட்டாங்களா?" மேசை சிரிக்கும். அடுத்த நாள் அவன் கேட்க மாட்டான். அறிவுக் குறைவால் நம் பிள்ளைகள் சீனி குடிக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. நோயாளிப் பட்டம் வந்துவிடுமோ என்ற கூச்சத்தால் குடிக்கிறார்கள். இந்தக் கூச்சத்தை எந்தச் சுவரொட்டியும் போக்காது. அந்த மேசையில் எல்லாரும் பார்க்கும் ஒரு கதாநாயகன், படத்தில் அலட்சியமாக "குராங் மானிஸ்" என்று சொல்லிவிட்டுக் கண்ணடித்தால் போக்கும்.

எல்லா இனத்தாரும் சேர்ந்து பார்க்கும்படி நம்மால் ஒன்றைக் கொடுக்க முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தபோது, பேராக் சுங்கை சிப்புட்டிலிருந்து 'சுகு பவித்ரா' என்ற அலைவரிசை கிளம்பியது நினைவிருக்கும். தோட்டத் தொழிலாளிக் குடும்பம், சின்னச் சமையலறை, எளிய மலாய் மொழி. நம் வீட்டுக் குழம்பும் பொரியலும் மலாய்க்காரர், சீனர் வீட்டு அடுப்பங்கரைக்குள் போய்ச் சேர்ந்தன. சில மாதங்களில் இலட்சக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள். பெரிய கம்பெனிப் பணமா அங்கே வேலை செய்தது? பாசாங்கு இல்லாத பேச்சு வேலை செய்தது.

சமைப்பதைப் பார்த்தால் சமைத்ததைத் தின்னும் ஆசை வரும் என்பதற்கும் சான்று உண்டு. நெதர்லாந்தில் பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 125 பேருக்குப் பத்து நிமிடச் சமையல் காட்சி காட்டினார்கள். நல்ல உணவு சமைக்கும் காட்சியைப் பார்த்தவர்கள், பிறகு கொடுத்த தட்டில் வறுவலை விட்டு ஆப்பிளையோ வெள்ளரியையோ எடுத்தது, மற்றவர்களைப் போல 2.7 மடங்கு.

ஒரு கதை கையில் இருக்கிறது

நாடகம் போட நினைக்கும் இளைஞர் மன்றத்தாருக்கு இந்நாட்டு மண்ணிலேயே ஓர் உண்மைக் கதை இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களை மட்டும் அது பெரும்பாலும் அண்டவில்லை. ஏன்? நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் அதைக் கவனித்தார். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் சோதித்தும் பார்த்தார். ஒரு பகுதி நோயாளிகளுக்கு வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி, மறு பகுதிக்கு நம் புழுங்கல் அரிசி. தீட்டிய அரிசி தின்றவர்களிடையே நோய் பரவியது. புழுங்கல் அரிசிக்காரர்கள் தப்பித்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். சஞ்சிக்கூலி என்று ஏளனமாக அழைக்கப்பட்டவர்களின் சோறு, மருத்துவ உலகத்துக்கே பாடம் சொன்ன கதை இது! ஒரு பக்கம் சீனத் தொழிலாளி, ஒரு பக்கம் தமிழ்த் தொழிலாளி, நடுவில் தலையைச் சொறியும் வெள்ளைக்கார டாக்டர். அரை மணி நேர நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? சீன நண்பர்களையும் மேடையேற்றலாம். வில்லுப்பாட்டாகப் பாடினாலும் நன்றாக எடுபடும்.

ஒன்று மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். புழுங்கல் அரிசி அன்று காத்தது பெரிபெரியிலிருந்து. அதைத் தின்றவர்கள் விடியலிலிருந்து மரம் சீவி, வாளி சுமந்து, மலை ஏறி இறங்கியவர்கள். அவர்கள் தின்ற அளவு சோற்றை இன்று நாற்காலியில் உட்கார்ந்தும் மோட்டார் சைக்கிளில் போயும் தின்றால், எந்த அரிசியானாலும் கணக்கு இடிக்கும். நாடகத்தின் கடைசிக் காட்சியில் பேரன் தோன்றி இந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

இன்னொரு நாடகத்துக்கும் சரக்கு உண்டு. 2019 ஜூலை 1 முதல் நம் அரசாங்கம் சீனிப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் வரி. அது 2024-இல் 50 காசாகி, 2025-இல் 90 காசாக உயர்ந்தது. அக்கரையில் சிங்கப்பூரிலோ 2022 டிசம்பர் முதல் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் ஒட்டுகிறார்கள். டி வாங்கிய பானத்துக்கு அங்கே விளம்பரமே செய்ய முடியாது. பாலம் தாண்டும் நம் பிள்ளை அங்கே டி என்ற சிவப்பு எழுத்தைப் பார்க்கிறான். இங்கே திரும்பி வந்தால் அதே இனிப்பைப் பாட்டுப் பாடி விற்கிறார்கள். ஒரு டின், இரண்டு கரை, இரண்டு மரியாதை. நகைச்சுவை எழுதத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

கூத்து மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்பது நியாயம். போதாது. பழத்தின் விலை, வேலை நேரம், ஆலைச் சிற்றுண்டிச் சாலையில் கிடைப்பது, இதையெல்லாம் பாட்டு மாற்றிவிடாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவனிடம் கீரை ஆய்ந்து சமைக்கச் சொல்வது வாய்க்குச் சுலபம். ஆனால் ஆலை மேலாளரிடம் போய், "சார், கண்டீனில் ஒரு காய்கறி கூட வையுங்கள்" என்று பத்துப் பேர் சேர்ந்து கேட்பதற்கு முதலில் அந்தப் பத்துப் பேருக்கும் அது வேண்டும் என்று தோன்ற வேண்டும். அந்த ஆசையை நாடகம் மூட்டும்.

வருகிற பொங்கல் கலைநிகழ்ச்சிக்கு உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலோ, பள்ளித் திடலிலோ ஒத்திகை தொடங்கும் முன் ஒரு யோசனை. உபதேசம் செய்யும் டாக்டர் பாத்திரத்தை முதலிலேயே வெட்டிவிடுங்கள். சீனியை அள்ளிக் கொட்டும் ஆளைக் கெட்டவனாகக் காட்ட வேண்டாம், அன்பான அத்தையாகக் காட்டுங்கள். ஏனென்றால் நம் வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. "என்னப்பா, அத்தை கையால ஊத்துனத வேணாங்கிறியா?" என்று அவர் கேட்கும்போது அந்தப் பையன் என்ன பதில் சொல்கிறான் என்பதுதான் நாடகம். அத்தையின் மனமும் நோகக் கூடாது, அவன் கோப்பையும் இனிக்கக் கூடாது. அந்த ஒரு வசனத்தை உங்கள் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். மேடைக்கு முன்வரிசையில் கூட்டாளிகள் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கட்டும். மண்டபத்தில் இருநூறு பேர் பார்த்தது, விடிவதற்குள் மூவாரிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் மாமாக் கடை மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.